சின்னவரின் பங்கு

லிஃப்ட் கம்பெனியில் அவரைக் கொட்டாவி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவார். வேனில் ஏறி உட்கார்ந்தால் அடுத்த சிக்னலுக்குள் தலை சாய்ந்துவிடும். மொட்டைமாடி மெஷின் ரூமில் மோட்டார் உறுமிக்கொண்டிருக்கும்போதே டூல் பெட்டியைத் தலைக்கு வைத்துத் தூங்குவார்; மோட்டார் நின்றால்தான் விழிப்பார். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் சாய்வதற்கு ஒரு சுவரைத் தேடிக்கொண்டே இருப்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்பார்கள். தவறாம ஊட்டவேண்டிய ஒருத்தர் இருக்கார் என்பார் கொட்டாவி. அதில் பொய் எதுவும் இல்லை.

அந்த ஒருத்தர் பின்னறையில் இருந்த சின்னவர். கொட்டாவியின் கொள்ளுத்தாத்தாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. அந்தத் தலைமுறையில் கடைக்குட்டி என்பதால் சின்னவர் என்று பெயர் நின்றுவிட்டது. அப்படிக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக மண்ணுக்குள் போன பிறகும் அவர் சின்னவராகவே இருந்தார். பார்ப்பதற்கும் அப்படித்தான். இருபத்தைந்து, இருபத்தாறு மதிக்கலாம். அடர்ந்த கறுப்பு முடி, ஒட்டாத கன்னம், ஒரு சுருக்கம் விழாத கை.

சரக்குக் கப்பலில் வேலைக்குப் போன இடத்தில், ஏதோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சல் என்று படுத்தவர், எழுந்து வீடு வந்தபோது வேறு ஆளாக வந்திருந்தார். அவரை யார் கடித்தார்கள், எதற்காக விட்டார்கள் என்று அவருக்கே நினைவில்லை. வெயில் ஆகவில்லை. சாப்பிட்டது தங்கவில்லை. நாளுக்கு நாள் குச்சியாகிக்கொண்டே போனார். ஒரு சாயங்காலம் அவருடைய அம்மா காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டார். விடவில்லை. அவளும் கையை இழுக்கவில்லை. பெற்ற பிள்ளை பசியோடு இருக்கிறான் என்பதைத் தவிர அவளுக்கு அந்த நேரத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

வாரம் ஒரு டம்ளர் என்று அளவு வைத்தவள் அவள்தான். குறைந்தால் பிள்ளை செத்துப்போவான் என்று அவள் நம்பினாள். வெளியாள் மேல் அவர் வாய் வைக்கக்கூடாது, வீட்டை விட்டுப் போகக்கூடாது. வீட்டில் ஒருவர் எப்போதும் கொடுப்பார்கள். இதுதான் ஏற்பாடு. அவளுக்குப் பிறகு மூத்த மகன் கொடுத்தார். அவருக்குப் பிறகு அவர் மகள். அவளுக்குப் பிறகு அவளுடைய அண்ணன் மகன், அதாவது கொட்டாவியின் அப்பா. ரத்தம் என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'உட்காருவது' என்பார்கள். பின்னறையில் கைவைத்த நாற்காலி ஒன்று இருந்தது. இந்த வாரம் உட்கார்ந்தாச்சா என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும்.

கொட்டாவியின் அப்பா ஒரு அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தார். கொட்டாவிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் சோர்ந்துதான் இருந்தார். பிள்ளைகளோடு விளையாட ஆசையாக வந்து உட்காருவார், பந்து கைக்கு வருவதற்குள் கண் சொருகிவிடும். முறைப்படி அடுத்து உட்கார வேண்டியவள் மூத்தவளான அக்கா. அவள் கெட்டிக்காரி. பதினெட்டு வயது முடிந்த கையோடு, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நான் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரு பையை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அம்மா அழுதாள். அப்பா சாப்பிட்ட தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

அதற்குப் பிறகும் சில வருஷங்கள் அப்பாவே உட்கார்ந்தார். பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை, பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. இதயம் களைத்துப்போய்விட்டது என்றார் டாக்டர். அறுபதைத் தொடாமலே போனார். அவர் படுக்கையில் விழுந்த வாரம் பின்னறையிலிருந்து சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்போது கொட்டாவி லிஃப்ட் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரே எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா தேறும்வரை என்றுதான் நினைத்தார்.

கல்யாணப் பேச்சு வந்தபோது பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்கு ஒரே தவிப்பு. பெண் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனைக்கு ஊசி போட்டு எடுக்கிற வேலையில் இருந்தாள். ஒரு டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவருடைய சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை மடிப்பில் இருந்த தழும்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பிளேடு வச்சா கீறுறீங்க?" என்றாள். "செப்டிக் ஆகலையா?"

அவ்வளவுதான். அவர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அன்றிலிருந்து ஊசியும் குழாயும் வந்தன. அவள் சுத்தமாக எடுத்து டம்ளரில் கொண்டுபோய் வைப்பாள். சின்னவர் ஒரு வாய் குடித்துவிட்டு, ஆறிப்போச்சு என்று முகம் சுளிப்பார். பழைய காலத்தில் நேரடியாகக் குடித்ததுபோல வராது என்று ஒரு பாட்டம் புலம்புவார். மற்ற வீடுகளில் மருமகள் போடும் காபிக்கு நடப்பதுதான் இங்கே வேறொன்றுக்கு நடந்தது. குடிச்சா குடிங்க, இல்லைன்னா வாஷ்பேசினில் ஊத்திடறேன் என்று அவளும் சொல்லிப் பழகிவிட்டாள்.

வீடு மாற்றுவது பெரும்பாடு. மற்றவர்கள் வெளிச்சம் வருமா, காற்று வருமா என்று கேட்பார்கள். இவர்கள் ஜன்னல் அடைபட்ட அறை இருக்கிறதா என்று கேட்பார்கள். யாரும் சீந்தாத வீடுகளை இவர்கள் தலையில் கட்டலாம் என்பதால் புரோக்கர்களுக்கு இவர்களை ரொம்பப் பிடிக்கும். ஒரே இடத்தில் நெடுநாள் இருக்கவும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றைக்காவது கதவிடுக்கில் சின்னவரைப் பார்த்துவிடுவார்கள். கொட்டாவியின் இளமையில் அவரை அண்ணன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு தம்பி. கொட்டாவிக்குத் தொப்பை விழுந்து காதோரம் வெளுத்த பிறகு, அக்கா மகன், உடம்பு சரியில்லை, வெயில் ஒத்துக்காது என்றார்கள்.

ஒரே மகள். ஆறு வயதில் தொலைக்காட்சியில் எதையோ பார்த்துவிட்டு வந்து, நம்ம சின்னவர் ரத்தக்காட்டேரியா என்று கேட்டாள். பின்னறைக்குள்ளிருந்து சின்னவர்தான், மெல்லிய குரலில், ஆமாம் கண்ணு என்றார். குழந்தை சரி என்று விளையாடப் போய்விட்டது. வளர்ந்து, நகராட்சி நீச்சல்குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். வெயிலில் கறுத்து, தோள் அகன்று, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவாள். அவள் ஏறி வரும் சத்தத்தைக் கேட்டாலே கொட்டாவிக்குப் பாதிச் சந்தோஷமும் பாதி பயமும் வரும். அந்தச் சத்தத்தைப் பின்னறையில் இருப்பவரும் கேட்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை என்று புகார் வந்தது. கொட்டாவியும் கூட்டாளியும் லிஃப்ட் கூண்டின் மேலேறி நின்று, ஒவ்வொரு மாடிக் கதவின் பூட்டையும் பார்த்துக்கொண்டே மெதுவாக மேலே போனார்கள். கூண்டு மேலே போகப் போக, பின்பக்கச் சுவரை ஒட்டி இரும்புப் பாளங்கள் அடுக்கிய எதிர் எடை கீழே இறங்கி வரும். பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த கூட்டாளி அந்தப் பக்கம் திரும்பி ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாவிக்குக் கண் இருண்டது. காதுக்குள் தண்ணீர் கொட்டுவதுபோல் இருந்தது. மோட்டாரைப் பிடித்துத்தான் சாய்ந்தேன் என்று பிறகு சொன்னார். அங்கே மோட்டாரே கிடையாது. சரிந்து விழுந்ததில் வலது கை விளிம்புக்கு வெளியே, எதிர் எடை வரும் வழியில் தொங்கியது.

கூட்டாளி ஏதோ கேட்பதற்காகத் திரும்பியதால் பார்த்தார். பொத்தானிலிருந்து கையை எடுத்தால் லிஃப்ட் நின்றுவிடும். எடுத்தார். எதிர் எடையின் அடிப்பாகம் அந்தக் கைக்கு ஒரு சாண் மேலே நின்றது. வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்த மனிதர் இதைச் சொல்லிச் சிரித்திருப்பார். அன்றைக்கு அவர் கூண்டின் மேலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

கம்பெனி டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். தப்பான ஆளுடையது வந்துவிட்டதோ என்று மேலே எழுதியிருந்த பெயரை மறுபடி படித்தார். மூலம் இருக்கிறதா, வயிற்றில் புண் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்ற பதில்தான். அப்படியானால் இந்த ரத்தமெல்லாம் எங்கேதான் போகிறது என்றார் அவர். கொட்டாவி தரையைப் பார்த்தார். கூட வந்திருந்த மனைவி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். உயரத்தில் ஏறக்கூடாது என்று சொல்லி அவரை ஸ்டோரில் போட்டார்கள். நட்டும் போல்ட்டும் எடுத்துக்கொடுக்கிற வேலை.

பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"இனிமே நான் ஊசி எடுக்கமாட்டேன்."

"அவர் என்ன ஆவார்?"

"தெரியலை. நீங்க என்ன ஆவீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க அப்பா எப்படிப் போனார்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க."

விஷயம் மகளுக்குத் தெரிந்தபோது அவள் அதிகம் யோசிக்கவில்லை. ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, "நான் உட்கார்றேன்பா, கொஞ்ச நாளைக்கு. உங்களுக்கு உடம்பு தேறட்டும்" என்றாள். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறேன் என்கிற மாதிரியான குரல்.

"கொஞ்ச நாளைக்குன்னுதான் நானும் உட்கார்ந்தேன்" என்றார் கொட்டாவி.

அவள் மேலும் வாதாடினாள். தன் உடம்பில் எவ்வளவு தெம்பு இருக்கிறது, வாரம் ஒரு டம்ளர் தனக்கு ஒரு பொருட்டே இல்லை என்றாள். கொட்டாவி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கத்தத் தெரியாது; கத்துவதற்கான மூச்சு எப்போதுமே இருந்ததில்லை. கடைசியில் எழுந்து போய் அந்தக் கைவைத்த நாற்காலியைப் பின்னறையிலிருந்து இழுத்து வந்தார். மாடிப்படியில் ஒரே மூச்சில் இறக்க முடியவில்லை. ஒவ்வொரு தளத்திலும் அதன்மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கி, தெருமுனைக் குப்பைத்தொட்டிவரை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். மனைவி பின்னறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டாள். மகளை நினைத்துத்தான்.

முதல் வாரம் சின்னவர் ஒன்றும் சொல்லவில்லை. மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்திருக்கலாம். இரண்டாவது வாரம் சுவரைத் தட்டினார். பிறகு கெஞ்சினார். பிறகு திட்டினார். உங்க அப்பன் இப்படி இல்லை, அவன் மனுஷன் என்றார். அதைக் கேட்டபோது கொட்டாவி கூடத்தில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கோத்துக்கொண்டிருந்தார். ஒரு ஓட்டையைத் தவறவிட்டு, எல்லாவற்றையும் உருவி முதலிலிருந்து கோத்தார். அதன் பிறகு தட்டும் சத்தம் குறைந்து, அடியோடு நின்றது. மனைவி தினம் ஒருமுறை கதவைத் திறந்து பார்ப்பாள். மூச்சு இருக்கு என்பாள். யாரும் யாரையும் பார்க்காமல் சாப்பிடுவார்கள். ஒரு மனிதரைப் பட்டினி போட்டுச் சாகடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தே இருந்தது.

ஆனால் அவர் சாகவில்லை. மாதங்கள் போயின. கொட்டாவிக்கு நகங்களில் லேசாகச் சிவப்பு ஏறியது. ஒரு சாயங்காலம், வேலையிலிருந்து வந்ததும் அம்மாவுக்குப் பதிலாகக் கதவைத் திறந்து பார்த்த மகள், கூடத்துக்கு வந்து நின்றாள்.

"அப்பா, சின்னவருக்கு நரைச்சிருக்கு."

கொட்டாவி எழுந்து உள்ளே போனார். தெருவிளக்கு அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது. அடைத்த ஜன்னலின் விளிம்பில் அந்த வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது. சின்னவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காதுக்குப் பின்னால் முடி கற்றையாக வெளுத்திருந்தது. அவர் திரும்பியபோது முகத்தில் நாற்பது, நாற்பத்தைந்து வயது தெரிந்தது. அப்பாவின் முகச்சாயல் அதில் இருந்தது. இத்தனை வருஷமும் அது கொட்டாவிக்குக் கண்ணில் பட்டதே இல்லை.

"முடி நரைச்சிருக்கு" என்றார் கொட்டாவி.

சின்னவர் கையால் தலையைத் தடவிக்கொண்டார். "தெரியும்."

"இதுக்கு முன்னாடி இப்படி ஆகியிருக்கா?"

சின்னவர் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, "உங்க அப்பாவோட அத்தைக்கு ஒரு தடவை டைஃபாய்டு வந்துச்சு. ரொம்ப நாள் அவ உட்காரலை" என்றார். கண்ணோரத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க ரெண்டு கோடு விழுந்துச்சு. அவ தேறி வந்து உட்கார்ந்ததும் போயிடுச்சு."

"குறைஞ்சா செத்துடுவீங்கன்னு சொல்லித்தானே எங்க எல்லாரையும் உட்கார வச்சது."

"அது எங்க அம்மா சொன்னது. அவங்களுக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமா."

"எங்க அப்பா உட்கார்ந்தப்பவும் தெரியும்."

சின்னவர் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார். "யாரும் கேட்கலையே தம்பி. கதவைத் திறப்பீங்க, கொடுப்பீங்க, போயிடுவீங்க. எனக்கு வயசாக பயமா இருந்துச்சு. எல்லாருக்கும் இருக்கறதுதான்."

"எல்லாருக்கும் பயமா இருக்கு. எல்லாருக்கும் வயசும் ஆகுது" என்றார் கொட்டாவி.

கழுத்தைப் பிடித்து நெரித்துவிட வேண்டும் என்ற கோபம் வரும் என்று எதிர்பார்த்து நின்றார். வந்தது. ஆனால் கோபத்துக்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து ஐந்து தலைமுறை ஒரு மனிதரின் கறுப்பு முடியைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. கைக்கு வந்த பந்தைப் பிடிக்காமல் அப்பா தூங்கிப்போனது அதற்காகத்தான். அவர் எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தார் என்று அவருக்குத் தெரியாது. மனைவி வந்து கைகொடுத்து எழுப்பினாள்.

மறுநாள் அக்காவுக்குப் போன் செய்தார். அவள் வருஷத்துக்கு ஒருமுறை பேசுவாள். பின்னறை பற்றி அவளும் கேட்கமாட்டாள், இவரும் சொல்லமாட்டார். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னார். 

"அப்போ அப்பா இன்னும் ரொம்ப நாள் இருந்திருப்பார்டா" என்றாள்.

"இருந்திருப்பார்."

"நான் கிளம்பிப் போனதாலதான் அவர் செத்தார்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருக்கேன்."

இருவரும் போனை வைக்கவில்லை. அவள் வீட்டில் குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

கொட்டாவி சில நாட்கள் பின்னறைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியும் மகளும் வெளியே போயிருந்தபோது உள்ளே போனார். ஜன்னலை அடைத்திருந்த பலகையின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசித் திருகில் கை நின்றது. பின்னால் சின்னவர் வாயைத் திறந்துவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு சுற்று சுற்றினால் போதும், பலகை விழும், நேர்வெயில் கட்டிலில் கொட்டும். அவர் அந்தத் திருகைப் பிடித்தபடி நின்றார். பிறகு மற்றத் திருகுகளையும் எடுத்து மறுபடி முடுக்கினார். அதை இரக்கம் என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. மனைவி பிறகு கேட்டபோது, ஒருத்தரைக் கொல்றதுன்னா அதுக்கு அப்புறம் எவ்வளவு வேலை இருக்கு, எனக்கு அலுப்பா இருந்துச்சு என்றார்.

சின்னவருக்கு வயது ஓடியது. ஒவ்வொரு மாதமும் சில வருஷங்களைத் தூக்கி அவர் தலையில் போட்டுவிட்டுப் போனது. பல் ஆட ஆரம்பித்தது. முதுகு வளைந்தது. அக்கா மகன் ஊருக்குப் போய்விட்டான், பெரியப்பா வந்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்; அவர்களும் நம்பினார்கள். ரத்தம் விட்டுப்போனதும் மற்றவை திரும்பி வந்தன. ஒருநாள் மனைவி குடித்துக்கொண்டிருந்த டீயின் வாசனையை இழுத்துப் பார்த்துவிட்டு எனக்குக் கொஞ்சம் என்றார். வாந்தி வரும் என்று அவள் பாத்திரத்தோடு பக்கத்தில் நின்றாள். வரவில்லை. சர்க்கரை பத்தவில்லை என்றார். அதற்குப் பிறகு குழைத்த சாதம், ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தால் அது என்று ஒவ்வொன்றாகத் தங்கியது.

கொட்டாவிக்கு வேலை குறையவில்லை, மாறியது. முன்பு வாரத்தில் ஒருநாள் உட்கார்ந்தால் தீர்ந்தது. இப்போது தினம் காலையில் சின்னவரைப் பிடித்து எழுப்பி, குளிப்பாட்டி, துணி மாற்ற வேண்டியிருந்தது. மனைவி ஒருத்தியே செய்வதைப் பார்க்கச் சகிக்காமல்தான் முதலில் கை கொடுத்தார். இருவரும் பேசிக்கொள்ளமாட்டார்கள். முதுகு தேய்க்கும்போது சின்னவர், மேலே, இன்னும் கொஞ்சம் மேலே என்பார். அவ்வளவுதான் பேச்சு. ஒருமுறை மட்டும், துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, உங்க அப்பா உட்கார்ந்திருக்கும்போது பாட்டு பாடுவான் என்றார் சின்னவர். கொட்டாவி துண்டோடு நின்றுவிட்டார். அப்பா பாடி அவர் கேட்டதே இல்லை.

"என்ன பாட்டு?"

"நினைவில்லை தம்பி. ஸ்ருதி சேராது. ஆனா பாடுவான்."

கொட்டாவி துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார். கட்டிலுக்கு அவரைக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தார். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக அங்கே நின்றார்.

குளிர்காலத்தில் அக்கா வந்தாள். பையோடு கிளம்பிப் போன நாளிலிருந்து இந்தக் குடும்பம் குடியிருந்த எந்த வீட்டுக்கும் அவள் வந்ததில்லை. பயணம் முழுக்க யோசித்துவைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகப் பின்னறைக்குப் போனாள். கொட்டாவி வெளியே காத்திருந்தார். உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தபோது, தலை முழுக்க வெளுத்து, கிழிந்த காகிதம்போலத் தோல் தொங்க, சின்னவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கால் நகம் வளைந்து சதைக்குள் ஏறியிருந்ததை அக்கா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை யாரும் கவனிக்கறதில்லையா?" என்றாள். "நகவெட்டி எங்க?"

கொடுத்தார். அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு விரலாக வெட்டினாள். நடுவில் சின்னவர் விழித்துப் பார்த்தார். இவள் யார் என்று அவருக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. அவள் திட்டவேண்டும் என்று கொண்டுவந்ததில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சாயங்கால வண்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "திட்டறதுக்கு ஒரு ஆள் வேணுமேடா. அங்க ஆளே இல்லை" என்றாள்.

வெயில் காலம் ஆரம்பித்தபோது சின்னவர் வெளிச்சம் வேண்டும் என்றார். கொட்டாவி பலகையைக் கழற்றினார். கண் கூசி நீர் கொட்டியது, ஆனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தினம் காலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார வைப்பார்கள். எதிர்க் கட்டிடத்துச் சுவரும், அதில் யாரோ காயப்போட்ட துணியும்தான் தெரியும். அதையே நாளெல்லாம் பார்ப்பார். அந்த நீலச் சட்டை நேத்தும் இருந்துச்சு, எடுக்க மறந்துட்டாங்க போல என்பார். மகள் நீச்சல்குளத்துக்குக் கிளம்புமுன் ஒரு நிமிஷம் பக்கத்தில் நிற்பாள். பயமா இருக்கா என்று ஒருநாள் கேட்டாளாம். பழகிடுச்சு கண்ணு என்றாராம்.

ஒரு வேலைநாள் மதியம் அவர் போனார். மனைவி டீ கொண்டுபோனபோது தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. கொட்டாவி வேலையிலிருந்து வந்து சேர்ந்த பிறகு பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, என்ன வயசு இருக்கும் என்று கேட்டார். மனைவி கொட்டாவியைப் பார்த்தாள். எண்பதுக்கு மேல இருக்கும் டாக்டர், சரியாத் தெரியலை என்றார் அவர். நல்ல சாவு, கொடுத்துவைத்தவர் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். அடக்கத்துக்கு நான்கு பேர் வந்தார்கள்: இவர்கள் மூன்று பேர், அந்தக் கூட்டாளி. இவ்வளவு லேசாக இருக்கிறாரே என்று தூக்கும்போது கூட்டாளி ஆச்சரியப்பட்டார்.

கம்பெனி டாக்டர் கொட்டாவியை மறுபடி பரிசோதித்து, இப்போது உயரத்தில் ஏறலாம் என்றார். ஏறினார். ரத்தமெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் களைப்பு மட்டும் போகவில்லை. அதைப் பற்றி டாக்டரிடம் கேட்டார். பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றார் டாக்டர். வைட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். கொட்டாவி அதை வாங்கிச் சாப்பிட்டார்.

மகளுக்கு இன்னொரு ஊரில் பெரிய நீச்சல்குளத்தில் வேலை கிடைத்தது. போவதா வேண்டாமா என்று அவள் தயங்கினாள். போ என்றார் கொட்டாவி. பையை அவரே கீழே தூக்கிவந்தார். வழியில் எங்கேயும் உட்காரவில்லை. வண்டி கிளம்பிய பிறகு, மேலே ஏற மனமில்லாமல், வாசல் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்குப் போய், மனைவி சொல்லியனுப்பிய சோப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.